எர்த்ஸீயை இனிப் படமாக்கப் போகிறவர்களுக்கு

வணக்கம்.

போன மாதம் ஒரு இரவு என் பெறாமகள் படுக்கையில் எழும்பி இருந்து ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு 11 வயது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகத்தைப் பற்றி எழுதிய நாவல் வரிசையின் முதல் கதையை அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆங்கிலப் புத்தகம் மடியில் கிடக்கும், வாயில் வருவது எங்கள் வீட்டுத் தமிழ். கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கிற பெடியன் ஒருவன், கொள்ளையடிக்க வருகிற கூட்டத்தின் கண்ணில் படாதபடி மூடுபனியை வரவழைத்துத் தன் ஊரையே மறைக்கிற இடம். "சித்தி, இது படமா வந்திருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பொய் சொன்னேன். இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். அவளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது தடவையும் யாராவது எடுக்கத்தான் போகிறீர்கள். இப்படி ஒரு கதையைச் சினிமா சும்மா விட்டு வைக்காது. அதனால், முன்பு எடுத்தவர்கள் செய்ததை மனதில் வைத்துக்கொண்டு, இனி எடுக்கப் போகிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 1983இல் பிறந்தவள், கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்தவள். அந்த ஆண்டைப் பற்றி இலங்கைத் தமிழருக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. எர்த்ஸீ என் கைக்கு வந்தது 1996இல். அந்த வருடம் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அப்பா மருதானையில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரத்துப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். அதற்குள் இதுவும் இருந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்கார மந்திரவாதி, கையில் கோல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கத் தொடங்கினேன்.

கெட் என்ற அந்தப் பெடியன் ரோக் தீவுக்கு மந்திரம் படிக்கப் போகிறான். அங்கே வெட்ச் என்ற மாணவன் அவனுக்கு நண்பனாகிறான். வெட்ச்சின் தோல் கருமை என்று சொல்லும்போது, போகிற போக்கில், கெட்டும் அந்தத் தீவுக்கூட்டத்தின் பெரும்பாலான மக்களும் செம்பழுப்பு நிறம் என்று ஆசிரியர் எழுதிவிட்டுப் போகிறார். நான் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தேன். திறந்து அந்த வரியை மறுபடி படித்தேன். பிறகு மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் இருந்த என் கையைப் பார்த்தேன். அதுவரை நான் படித்த எந்த ஆங்கில மாயக்கதையிலும் எங்கள் நிறத்தில் ஒருவர் கதையின் நடுவில் நின்றதில்லை. அடியாளாக வருவார்கள், பாலைவனத்து வியாபாரியாக வருவார்கள், அவ்வளவுதான். இந்தக் கதையில் வெள்ளைத் தோலும் மஞ்சள் தலைமுடியுமாக வருகிறவர்கள் கார்கிஷ் கொள்ளையர்கள்.

லெ குவின் இதைத் தெரிந்தேதான் செய்தார். வாசகர் முதலில் கெட்டின் மனதுக்குள் போய்விட வேண்டும், அவனுடைய தோலை அதற்குப் பிறகுதான் கவனிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1968இல் வந்த முதல் பதிப்பின் அட்டையில் ரூத் ராபின்ஸ் வரைந்த முகம் செம்பு நிறத்தில்தான் இருந்தது. பிறகு வந்த பதிப்பாளர்கள் பலர் அவனை வெளுக்க வைத்துவிட்டார்கள். 2018இல் சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு எல்லாக் கதைகளும் ஒரே பெரிய புத்தகமாக வந்தபோது அவன் தன் நிறத்தோடு வந்தான். நான் இப்போது வைத்து வாசிப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அந்த வருடம் ஜனவரியில் லெ குவின் காலமாகிவிட்டார்.

சரி, நிறத்தை விட எனக்கு நெருக்கமான இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடலே. அது பெயர்.

எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு. அதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஊரார் கூப்பிட இன்னொரு பெயர் இருக்கும். உண்மைப் பெயர் தெரிந்தவரின் கையில் நம் உயிர் இருக்கிறது. அதனால் யாராவது தன் உண்மைப் பெயரை இன்னொருவரிடம் சொன்னால், அதைவிடப் பெரிதாகக் கொடுப்பதற்கு அந்த உலகத்தில் வேறொன்றும் இல்லை.

இது வெளிநாட்டுக்காரருக்கு அழகான கற்பனையாக இருக்கலாம். எனக்கு இதில் பாதி வீட்டில் நடந்தது. என் அப்பம்மா சாகும் வரைக்கும் அப்பப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயர் என்னவென்று கேட்டபோதுகூட, பக்கத்தில் நின்ற என்னைத் தொட்டு, நீ சொல்லு என்று கண் காட்டினார். பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்து ஆட்கள் நம்பினார்கள். மற்றப் பாதி வீதியில் நடந்தது. காலி வீதியில் படையினர் பஸ்ஸை மறிப்பார்கள். எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "நம மொகத்த?" என்று சிங்களத்தில் கேட்பார்கள். பெயர் என்ன என்று. அட்டையில் எழுதியிருப்பதைத்தான் வாயாலும் சொல்லச் சொல்வார்கள். அந்த நாலு எழுத்தில் எல்லாம் முடிவாகிவிடும். திரும்ப ஏறிப் போகலாமா, ஓரமாக நிற்க வேண்டுமா, வீட்டுக்கு அறிவிக்க வேண்டிய நிலை வருமா. வெளியில் போகும்போது அம்மா என்னை வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார். எந்த மொழிக்கும் சொந்தமில்லாத ஒரு செல்லப் பெயர் அது. 13 வயதில் இந்தப் புத்தகத்தைப் படித்தபோது உண்மைப் பெயரை ஏன் ஒளிக்க வேண்டும் என்பதை யாரும் எனக்கு விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

இப்போது முதல் படத்துக்கு வருகிறேன்.

2004 டிசம்பரில் அமெரிக்கக் கேபிள் சேனல் ஒன்று முதல் இரண்டு புத்தகங்களையும் சேர்த்து இரண்டு இரவுத் தொடராக ஒளிபரப்பியது. அடுத்த வருடம் ஒரு தோழி டீவீடி கொண்டுவந்தாள். சனிக்கிழமை மத்தியானம், நான்கு பேர், ஒரு பெட்டி ரோல்ஸ், மலிபன் பிஸ்கட். ஒன்பது வருடமாக நான் அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுக்க வைத்த கதை. கெட் திரையில் வந்தான். வெள்ளைக்காரப் பெடியன். அவனுடைய குரு ஓகியனாகக் கறுப்பின நடிகர் டானி குளோவர் வந்ததைத் தவிர, முக்கியமான பாத்திரங்கள் அனேகமாக எல்லோருமே வெள்ளையர். தோழிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கதை நன்றாக இருக்கும் பாருங்கள் என்றேன்.

பிறகு அவன் பெயர் வந்தது. கெட் என்பது அவனுடைய உண்மைப் பெயர். ஓகியன் அவனை ஆர் நதியின் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீருக்குள்ளால் நடக்கவைத்து, மறுகரையில் காதோடு சொல்லிக் கொடுத்த பெயர். ஊரார் கூப்பிடுவது ஸ்பாரோஹாக், ஒரு சிறிய வேட்டைப் பறவையின் பெயர். அந்தத் தொடரில் இது தலைகீழாகிவிட்டது. கெட் என்று எல்லோரும் சந்தையில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். ஸ்பாரோஹாக் என்பது பெரிய ரகசியமாம்.

இது சின்ன விஷயம் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து இந்தக் கதையை எடுக்காதீர்கள். வேறு எத்தனையோ கதைகள் இருக்கின்றன. பெயருக்குள்தான் இந்த உலகத்தின் மந்திரம் முழுவதும் இருக்கிறது. எந்தப் பெயர் வெளியே, எந்தப் பெயர் உள்ளே என்பதைக்கூடக் கவனிக்காமல் ஒருவர் இதைப் படமாக்கினார் என்றால், புத்தகத்தில் இருந்து ஆட்களின் பட்டியலையும் கடலையும் டிராகனையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். மிச்சம் என்று நான் சொல்வதுதான் புத்தகம்.

லெ குவினுக்கும் வலித்தது. தொடர் வந்த அதே மாதம் ஸ்லேட் இதழில் வெளிப்படையாக எழுதினார். ஒப்பந்தத்தில் ஆலோசகர் என்று பெயர் போட்டிருந்தார்கள், ஆனால் அவர் பேச்சுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. தன் மக்களை வெளுக்கச் செய்துவிட்டார்கள் என்பதுதான் அவருடைய பெரிய ஆதங்கம். தங்களைப் போன்ற ஒருவரை மாயக்கதையில் முதல் தடவையாகச் சந்தித்த இளம் வாசகர்கள் தனக்கு எழுதியிருப்பதையும் அதில் சொன்னார். நான் அவருக்கு எழுதியதில்லை. எழுதியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது, ஜப்பானில் கிப்லி ஸ்டூடியோ எடுத்த அனிமேஷன் படம், 2006 ஜூலையில் வந்தது. இதைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது, ஏனென்றால் அதில் அன்பு இருந்தது. அந்த ஸ்டூடியோவின் புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1980களின் தொடக்கத்திலேயே இந்தக் கதைகளைப் படமாக்க அனுமதி கேட்டிருந்தார். லெ குவினுக்கு அப்போது அவருடைய வேலை தெரியாது, மறுத்துவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு மியாசாகியின் டொடோரோ படத்தைப் பார்த்து மனம் மாறினார். கடைசியில் எடுத்தது மியாசாகியின் மகன் கோரோ. அதுதான் அவருடைய முதல் படம். ஒரு பெண் பிள்ளை புல்வெளியில் தனியாக நின்று பாடுகிற காட்சி ஒன்று அதில் இருக்கிறது. நான் அழுதேன். அவளும் ஆரென் என்ற இளவரசனும் ஒருவருக்கொருவர் தங்கள் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொள்கிற இடமும் இருக்கிறது. பெயர் என்பது என்னவென்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஏமாற்றம் இன்னும் கூடியது.

படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஆரென் தன் தகப்பனைக் குத்திக் கொல்கிறான். புத்தகத்தில் தகப்பன்தான் அவனை நம்பி அனுப்புகிறார். ஏன் கொன்றான் என்பதற்குப் படம் கடைசி வரைக்கும் எனக்குப் பதில் தரவில்லை. முடிவில் கோட்டை, கோபுரம், வாள், தீய மந்திரவாதி உருமாறுகிறான், டிராகன் அவனை எரிக்கிறது. எல்லாம் சரியாகிவிடுகிறது. படம் மூன்றாவது புத்தகத்தைத்தான் பெரிதும் பின்பற்றுகிறது. அந்தப் புத்தகத்தில் நடப்பது என்ன? உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒருவன் திறந்து வைத்த ஓட்டையை அடைக்க, கெட் தன்னிடம் இருந்த மந்திரம் முழுவதையும் கொட்டித் தீர்த்துவிடுகிறான். வெறும் மனிதனாகிறான். நடக்கக்கூட முடியாத அவனை ஆரென் இழுத்தும் சுமந்தும் மலை கடந்து கொண்டுவருகிறான். உலகத்திலேயே பெரிய மந்திரவாதிக்குக் கிடைத்த வெற்றி அதுதான், கையில் ஒன்றுமே மிச்சமில்லாத வெற்றி. அதை எரிகிற கோபுரத்துக்கு மாற்றிக்கொள்ள எப்படி மனம் வந்தது?

லெ குவின் கோரோவிடம் நேரில் மிகப் பெருந்தன்மையாக, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்ற கருத்தில் பேசினார். பிறகு எழுதும்போது, உள்ளே இருக்கிற இருட்டை வெளியே நிற்கிற ஒரு வில்லனின் தலையில் கட்டி அவனைக் கொன்றுவிட்டால் தீர்ந்துவிடாது என்ற குறையையும் மறைக்கவில்லை.

நானும் இதே இடத்தில்தான் நிற்கிறேன். முதல் தொடரிலும் இதுதான் நடந்தது. அது எடுத்துக்கொண்ட இரண்டு புத்தகங்களிலும் இல்லாத, நாடு பிடிக்க அலைகிற ஒரு அரசனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படம் என்றால் எதிரி வேண்டும், எதிரி வெளியே நிற்க வேண்டும், படை வேண்டும். ஆனால் முதல் புத்தகத்தில் போர் என்று ஒன்று கிடையாது. ஒரு கர்வம் பிடித்த மாணவன், இன்னொரு மாணவன் சீண்டினான் என்பதற்காக, தன்னால் அடக்க முடியாத ஒன்றை இந்த உலகத்துக்குள் இழுத்துவிடுகிறான். அந்த நிழல் அவனைத் துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் அவன் திரும்பி அதைத் துரத்துகிறான். கடலின் கடைக்கோடியில் பிடிக்கிறான். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அது அவனுடைய சொந்தப் பெயர். கெட் என்று அவன் சொல்ல, அதுவும் அதே நேரத்தில் கெட் என்று சொல்கிறது. அவ்வளவுதான் உச்சக்கட்டம். பக்கத்தில் நிற்பது ஒரு படகும் ஒரு நண்பனும் மட்டும்.

26 வருடம் போர் நடந்த நாட்டில் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லாப் பக்கத்துக்காரரும் இருட்டு அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். என் பக்கத்துக்காரரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் தொலைந்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்று. பள்ளிக்கூடத்தில், வானொலியில், சொந்தக்காரர் வீட்டுக் கதிரைகளில் நான் கேட்டு வளர்ந்த கதை அது ஒன்றுதான். வேறு ஒரு கதையும் இருக்கலாம் என்று எனக்கு முதலில் காட்டியது அந்த மருதானைப் பழைய புத்தகம். கெட்டின் நிழலை வெளியே ஒரு கெட்ட அரசனாகவோ மந்திரவாதியாகவோ மாற்றும்போது நீங்கள் கதையைச் சுருக்கவில்லை. நான் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்ட பழைய கதையை என் கையில் திரும்பத் தருகிறீர்கள்.

இரண்டாவது புத்தகத்தின் நாயகி டெனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதில் வீட்டில் இருந்து எடுத்துப்போய், அவளுடைய பெயரைப் பறித்து, விழுங்கப்பட்டவள் என்ற பொருளில் ஆர்ஹா என்று அழைத்து, அடுவான் கல்லறைகளின் இருட்டுக்குப் பூசாரியாக வளர்க்கிறார்கள். கெட் அவளுக்குச் செய்கிற மிகப் பெரிய உதவி, அவளுடைய பெயர் டெனார் என்று திருப்பிச் சொல்வது. அந்தக் கணம் இரண்டு திரைவடிவங்களிலும் எனக்குக் கிடைக்கவில்லை. தொடரில் இருவரையும் காதலர்களாக்கிவிட்டார்கள். புத்தகத்தில் அவர்கள் ஒன்றுசேர்வது 1990இல் வந்த நான்காவது நாவலில். அப்போது டெனார் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு விதவை, கெட்டிடம் மந்திரம் இல்லை. நடுவயது தாண்டிய இரண்டு பேர் ஒரு அடுப்பங்கரையில் இருந்து பேசுவதைப் பார்க்க ஆள் வராது என்று நினைக்காதீர்கள். நான் வருவேன். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

எல்லாவற்றையும் புத்தகத்தில் உள்ளபடியே எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆட்களைக் குறையுங்கள், தீவுகளைக் குறையுங்கள், ரோக் பள்ளிக்கூடத்தில் பாதியை வெட்டுங்கள். ஆனால் மழைக் காட்சியை மட்டும் வெட்டாதீர்கள். ஓகியனும் கெட்டும் மலையில் நடந்து போகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. சாதாரண மந்திரவாதி என்றாலே ஒரு சொல்லில் மழையைப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவான். ஓகியன் மழையை அதன் போக்கில் விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். சக்தி இருந்தும் இவர் ஏன் அதைப் பயன்படுத்தாமல் இருக்கிறார் என்று நனைகிற பெடியனுக்கு விளங்கவில்லை, எரிச்சல் வருகிறது. பாதிக் கதை அந்த நனைந்த இரவில்தான் இருக்கிறது. இங்கே மே மாதம் தொடங்கி மழை பெய்கிறபோது, மரைன் டிரைவ் பக்கம் கடலும் வானமும் ஒன்றாகிவிடுகிற சாயங்காலங்களில், எனக்கு ஓகியன் ஞாபகம்தான் வரும். வெள்ளவத்தை ஸ்டேஷனில் குடை இல்லாமல் நிற்கிறவர்களை அந்த மழையில் பாருங்கள். அந்தத் தீவுகளின் நிறம் என்னவென்று தெரிந்துவிடும். வேடத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் நடிக்கத் தெரிந்த பழுப்பு நிறப் பிள்ளைகள் கிடைக்கவில்லை என்று இனிச் சொல்லாதீர்கள்.

படகையும் மறக்க வேண்டாம். கெட்டுக்குத் தன் பழைய படகைக் கொடுக்கிற கிழவர், அதற்கு லுக்ஃபார் என்று பெயர் வைக்கச் சொல்லி, முன்பக்கத்தில் இரண்டு கண்கள் வரையச் சொல்கிறார். அந்தக் கண்களைக் கையால் வரைந்துவிடுங்கள்.

நேற்று இரவு நாங்கள் நிறுத்திய இடம் இது. நிழலிடம் இருந்து தப்புவதற்காகக் கெட் பருந்தாக மாறி, கடல் கடந்து பறந்து கோன்ட்டுக்கு வந்து சேர்கிறான். அதிக நேரம் பறவையாகவே இருந்ததால் மனித நினைவு போய்விட்டது. வந்து ஓகியனின் கையில் இறங்குகிறான். ஓகியன் அவனை வீட்டுக்குள் கொண்டுபோய், கணப்புக்குப் பக்கத்தில் வைத்து, பொறுமையாக இருந்து, அவன் பெயரைச் சொல்லித் திருப்பி மனிதனாக்குகிறார்.

"அது கெட் என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளை கேட்டாள்.

"அவர்தானே பெயர் வைத்தவர்" என்றேன்.

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. விளக்கை அணைத்த பிறகும் நித்திரை கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இன்னும் மூன்று அத்தியாயம் இருக்கிறது. முடிந்ததும், இரண்டு படம் வந்திருக்கிறது, நான் உனக்குப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் அந்தக் காட்சியை எடுக்கும்போது பின்னணி இசை போடாதீர்கள். ஒரு கிழவர், கையில் ஒரு பறவை, தணிந்த குரலில் ஒரு பெயர். அது போதும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி